தண்ணீரில் கரைந்த சரளை

விமலாராணியால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. மாதா கோயிலில் பூசை நேரத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பெஞ்சு நடுங்குவதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். அவளும் ஒரு நிமிஷம் காலை அடக்கி வைப்பாள். பிறகு அது மறுபடி ஆடும். வீட்டில் அரிசி களைந்தால் நாலு தண்ணீர், கீரை அலசினால் ஆறு தண்ணீர். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மோல்டர் வேலை பார்க்கும் புருஷன் ஆரோக்கியதாஸ், "கீரையில இருக்கற பச்சையும் சேந்து போயிரப் போகுது பாத்துக்கோ" என்பான். இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலை, மண்ணைச் சல்லடையில் போட்டு ஆட்டுவது. பொருத்தம் பார்த்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கோவிந்தராஜுலு ஒரு மண் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். இரண்டே அறைகள். முன்னறையில் அவர் மேசை, போன். பின்னறையில் தராசு, மண் உலர்த்தும் ஓவன், வட்ட வட்டமான பித்தளைச் சல்லடைகள், அப்புறம் விமலாராணி. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தாள். கட்டடம் கட்டுகிறவர்களும் ரோடு போடுகிறவர்களும் மண்ணையும் மணலையும் ஜல்லியையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அவள் சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண், அடியில் ஒரு தட்டு. ஆட்டி முடித்ததும் எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று நிறுப்பாள். நூற்றுக்கு எத்தனை சரளை, எத்தனை மணல், கடைசிச் சல்லடையையும் தாண்டித் தட்டில் விழுந்த பொடி எத்தனை என்று கணக்குப் போட்டு, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து ஒரு வளைவு வரைவாள். அந்த வளைவைப் பார்த்தாலே மண்ணின் குணம் தெரிந்துவிடும். சரிவு நிதானமாக இறங்கினால் எல்லா அளவிலும் துகள் இருக்கிறது, நல்ல மண். பொடி அதிகம் என்றால் களி. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உப்பும், வழுக்கும், சுவரைத் தள்ளும்.

புதிதாக வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லும் முதல் வார்த்தை, கழுவாமல் சலிக்காதே என்பதுதான். களிப்பொடி மற்றத் துகள்களின் மேல் அப்பிக்கொண்டிருக்கும். தானும் கட்டி கட்டியாகத் திரண்டு கல் மாதிரி பாசாங்கு செய்யும். அதனால் மண்ணை முதலில் தண்ணீரில் ஊற வைத்து, கடைசிச் சல்லடையில் வைத்துத் தண்ணீர் தெளிகிற வரை கழுவி, உலர்த்தி, அதற்கப்புறம்தான் சலிக்க வேண்டும். "கழுவாம சலிச்சா அது ரிப்போர்ட் இல்லீங்க, கட்டுக்கதை" என்பாள். சொன்னவள் அவள்தான். மற்றவர்களுக்குச் சொல்வதில் என்றைக்கும் அவளிடம் குறைச்சல் இருந்ததில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காரமடையிலிருந்து காண்ட்ராக்டர் சீனிவாசலு ஒரு மூட்டை செம்மண்ணோடு வந்து இறங்கினார். அங்கே ஒரு நூல்மில்லுக்கு மேட்டில் குடோன் கட்டுகிறார்கள். மேட்டு மண் சரியாமல் இருக்கப் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பியாகிவிட்டது. சுவருக்குப் பின்னால் மண் கொட்டி நிரப்ப வேண்டும். சுவருக்கு முன்னால் கீழே மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், பதினெட்டுக் குடும்பம். கொட்டுகிற மண் தண்ணீரை வடியவிடும் சரளை மண்தான் என்று பேப்பர் வந்தால்தான் வேலை தொடங்கலாம் என்று மில் என்ஜினியர் சொல்லிவிட்டாராம்.

"திங்கக்கிழமை பேப்பர் கைக்கு வந்துரோணுமுங்க. மழைக்கு முன்னால மூடியாகோணும்" என்று சொல்லிவிட்டு சீனிவாசலு போய்விட்டார்.

அன்று மத்தியானமே தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரண்ட் இல்லையென்றால் ஓவன் இல்லை. மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாது. சனி, ஞாயிறு போய்த் திங்களும் வந்தது, கரண்ட் வரவில்லை. இருந்த ஒரு குடம் தண்ணீர் குடிக்கத்தான் காணும். மூட்டையோ ஈரமாக இருந்தது. விமலாராணி பின்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒயர்மேன் வருகிறானா என்று எட்டிப் பார்த்தாள், திரும்ப உள்ளே வந்தாள், தராசைத் துடைத்தாள், துடைத்த தராசையே மறுபடி துடைத்தாள். சும்மா இருப்பதுதான் அவளால் ஆகாத காரியம். பதினோரு மணிக்கு டீ போடுகிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். இரும்புச் சட்டியை ஏற்றி மண்ணைக் கொட்டி, ரவை வறுக்கிற மாதிரி வறுத்தாள். சிவந்த மண் இன்னும் சிவந்து, உருண்டை உருண்டையாக, கரண்டியில் பட்டுக் கலகலவென்று சத்தம் போட்டது.

கழுவவில்லை. அப்படியே சலித்தாள்.

சரளை நாற்பத்தொன்று, மணல் ஐம்பத்திரண்டு, பொடி ஏழு. பன்னிரண்டுக்குக் கீழே பொடி இருந்தால் போதும். வளைவு வரைந்தபோது நடுவில் ஓர் இடத்தில் கோடு இறங்காமல் தட்டையாக நின்றது. பெரியது இருக்கிறது, சின்னது இருக்கிறது, நடுத்தரம் மட்டும் காணோம். இயற்கையில் கிடக்கிற மண் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணம் பென்சில் நின்றது. வாசலில் சீனிவாசலுவின் ஆள் பைக்கை ஆஃப் செய்யாமல் காத்திருந்தான். 'நடு அளவுத் துகள் குறைவு. நிரப்புவதற்கு ஏற்றது' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். சோதனைமுறை என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில், கழுவிச் சலித்தது என்றே எழுதியிருந்தாள். அது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவள் எப்போதும் கழுவிச் சலிக்கிறவள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை முடிந்ததும் பாதி மண்ணை மூட்டையில் கட்டி ஒரு மாதம் வைத்திருப்பார்கள். சலித்து மிஞ்சிய சரளையை வாசற்படிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். அங்கே மழைத்தண்ணீர் தேங்கும். சரளை கிடந்தால் செருப்பு சேறாகாது. காரமடைச் சரளையையும் செவ்வாய்க்கிழமை விமலாராணி தன் கையாலேயே அங்கே பரப்பினாள். செக்கச்செவேல் என்று பார்க்கக்கூட அழகாக இருந்தது.

வியாழன் சாயங்காலம் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு வந்தவள் வாசலில் கால் வைத்தாள். செருப்பு பொதக்கென்று உள்ளே போனது. இழுத்தால் வரவில்லை. குனிந்து பார்த்தாள். சரளையைக் காணோம். அந்த இடத்தில் சப்பாத்தி மாவு பிசைந்து வைத்த மாதிரி ஒரு சிவப்புக் களி கிடந்தது.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஓடினாள். மூட்டையில் இருந்த பாதி மண்ணை எடுத்து நிறுத்து, ஊறப் போட்டு, கடைசிச் சல்லடையில் வைத்துக் குழாயைத் திறந்தாள். செவ்வாயிலிருந்து கரண்டும் வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. எல்லாம் வேண்டாத நேரத்துக்குத்தான் வரும். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று, சிவப்பு நிற்கவே இல்லை. மிச்சத்தை ஓவனில் வைத்துவிட்டு, அது உலர்கிற வரைக்கும் அவள் அந்த அறையை எத்தனை தடவை சுற்றினாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்த்ததில் அது இன்னும் தாமதமாயிற்று. பன்னிரண்டு மணிக்கு விடை வந்தது. சரளை பதினொன்று, மணல் முப்பத்தெட்டு, பொடி ஐம்பத்தொன்று.

தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "சார், காரமடை ரிப்போர்ட் தப்புங்க சார்."

கோவிந்தராஜுலு நிமிராமலே கேட்டார். "எத்தனை தப்பு?"

"ஏழுன்னு எழுதுனது ஐம்பத்தொண்ணுங்க."

இப்போது நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் ஸ்டவ், சட்டி, வறுத்தது, கழுவாதது, வாசற்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது ஒரு கால்மேல் இன்னொரு காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றாள்; காலில் அந்தச் சிவப்புக் களி இன்னும் ஒட்டியிருந்தது.

"திங்கக்கிழமை இன்னொரு பேப்பர் அனுப்பிரலாம் அம்மணி" என்றார் அவர். "'மேலும் ஒரு மாதிரியைச் சோதித்ததில்'னு ஆரம்பிச்சாப் போதும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மேலும் ஒரு மாதிரி இல்லீங்க சார். அதே மூட்டைதானுங்க."

"நாமளே தப்புன்னு எழுதிக் குடுத்தா, பதினஞ்சு வருசத்துப் பழைய பேப்பரையெல்லாம் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. யோசிச்சுப் பாரு."

"நிக்கட்டுமுங்க சார். திங்கக்கிழமைக்குள்ள மழை வந்துருமே. கீழ பதினெட்டு ஊடு இருக்குதுங்க."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். மில் ஆபீசுக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து, லேபின் பெயர் அச்சடித்த ரிப்போர்ட் பேடையும் ஒரு கார்பன் தாளையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "உன் கையெழுத்து. நீயே கொண்டு போ" என்றார்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஏறிய கூட்டத்தில் கண்டக்டர், "ஏனுங்கம்மா, அத்தனை சீட்டு கெடக்குது, படியை மறிச்சுட்டு நிக்கறீங்களே" என்று சத்தம் போட்டார். உட்கார்ந்தாள், எழுந்தாள். கண்ணாடியில் தூறல் ஒரு துளி விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது துளி விழக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். விழுந்தது.

காரமடையில் இறங்கி மில்லுக்கு நடந்தபோது லாரி சத்தம் முதலில் கேட்டது. சுவருக்குப் பின்னால் ஏழடிக்கு மண் ஏறிவிட்டிருந்தது. அதே சிவப்பு. நேற்றைய மழை இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது; தூறலும் இரண்டு துளியோடு நின்றிருந்தது. கீழே லைன் வீடுகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது.

சீனிவாசலு அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். அவள் மூச்சு வாங்க, "லாரியை நிறுத்தச் சொல்லுங்க. இது களிங்க. நான் எழுதுன ரிப்போர்ட் தப்பு" என்றாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன அம்மணி வெளையாடறீங்க?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் காய்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்தாள். கல் மாதிரிதான் இருந்தது. சிமெண்டு கலக்கும் தொட்டி பக்கத்தில் ஒரு டம்ளர் கிடந்தது. அதில் தண்ணீர் மொண்டு கட்டியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டியிலிருந்து முதலில் குமிழி வந்தது. பிறகு ஓரம் உதிர்ந்தது. ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, டம்ளரில் செங்குழம்பு மட்டும்தான் இருந்தது.

சீனிவாசலுவின் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கண்ணையா மேஸ்திரி சொன்னானுங்க. செவ்வாக்கிழமை மொத லாரி கொட்டுனப்பவே, 'இது களி, சுவத்தைத் தள்ளிப்போடும், கொட்டாதீங்க'ன்னு லாரிக்குக் குறுக்கால நின்னுட்டான். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க பேப்பர் இருக்குதே! அதைக் காமிச்சு, 'லேப்காரங்களைவிட நீ பெரிய புடுங்கியா'ன்னு கேட்டு வாயை அடைச்சுப்போட்டேன். அவன் ஒத்துக்கலை. கணக்கு முடிச்சு அனுப்பிப்போட்டேன்."

சுவரைப் பற்றித்தான் அவள் இதுவரை பயந்துகொண்டு வந்தாள். தன் கையெழுத்து ஏற்கெனவே ஒரு ஆளைத் தள்ளிவிட்டது அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழ நேரமில்லை.

"இந்த நிமிசத்துல இருந்து அந்தப் பேப்பர் செல்லாதுங்க. இனி ஒரு லாரி கொட்டுனாலும் அது உங்க தலைமேலதான்" என்றாள்.

சீனிவாசலு லாரிகளை நிறுத்தினார். பயத்தில்தான் நிறுத்தினார், எதற்காக என்றால் என்ன, நின்றது. ஆனால் கொட்டின ஏழடியை அள்ள வேண்டுமே! சுவர் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ட இடத்தில் வெட்டினால் மேலிருக்கும் மண் ஒரு பக்கமாகச் சரிந்து, மழைக்கு முன்னாலேயே சுவரைச் சாய்த்துவிடும். அந்தச் சுவரை அடிமுதல் கட்டியவர் கண்ணையா. எந்த இடத்திலிருந்து தொட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். "நான் போய்க் கூப்பிட்டா அவன் வரமாட்டானுங்க" என்று மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார் சீனிவாசலு.

கண்ணையாவின் வீடு கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் பின்னால் ஓட்டுவீடு. வாசலில் அவர் மனைவி கருப்பாத்தாள் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டு, விமலாராணி சொன்னதும், முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஓ, பேப்பர் எழுதுனது நீதானா அம்மணி? நல்லா இரு. இருவத்தாறு வருசமாச் செவுரு கட்டற மனுசன். நாலு நாளா ஊட்டுல குந்தவெச்சுப்போட்டியே. வேற எடத்துக்கு வேலைக்குப் போனா, 'லேப் ரிப்போர்ட்டையே எதுத்துப் பேசறவனாமே'ன்னு திருப்பி அனுப்பறாங்க."

உள்ளேயிருந்து கண்ணையா வந்தார். ஐம்பது வயசிருக்கும். விரல்களில் சுண்ணாம்பு தின்ற வெள்ளை. விமலாராணி நின்ற இடத்திலேயே சொன்னாள். "நீங்க சொன்னதுதானுங்க சரி. அது களி. நான் கழுவாம சலிச்சுப்போட்டு, கழுவுனேன்னு எழுதிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க. சுவத்துக்குப் பின்னால ஏழடி ஏறிருச்சுங்க. நீங்க வந்து நின்னாத்தான் அள்ள முடியும். மழை வருதுங்க."

கண்ணையா வானத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "ஒரு பேப்பர் வந்து என்னை அனுப்புச்சுதுங்க. இன்னொரு பேப்பர் வந்தாத்தான் நான் அங்க கால் வெப்பேன். நீங்க இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

விமலாராணி படியில் உட்கார்ந்தாள். பேடைப் பிரித்துக் கார்பனை வைத்தாள். பழைய ரிப்போர்ட் ரத்து என்று முதல் வரி. ஐம்பத்தொரு சதவீதம் பொடி, சுவருக்குப் பின்னால் நிரப்ப ஆகாது என்று இரண்டாவது. அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதினாள். சோதித்தவர் என்ற கட்டம் வந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தன் பெயரை எழுதிய கட்டம். அதில் 'கண்ணையா, மேஸ்திரி' என்று எழுதி, சரிபார்த்தவர் என்ற கட்டத்துக்குத் தன் பெயரைத் தள்ளினாள். சோதனைமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது. இந்தத் தடவை பழக்கதோஷத்தில் எழுத அவளுக்குத் தைரியம் இல்லை.

"நீங்க எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க?"

"அதுல என்ன இருக்குதுங்க? உள்ளங்கையில ஒரு துளி மண்ணை வெச்சு, எச்சி துப்பித் தேச்சேன். வழுக்குச்சு. சரளையா இருந்தா நறநறங்கும்."

ஒரு குடம் தண்ணீர் இல்லையென்று சட்டியில் போட்டு வறுத்தாளே, அந்தச் சட்டி அவள் கண்முன்னால் வந்து போனது. ஒரு வாய் எச்சில் போதுமாக இருந்திருக்கிறது. அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அந்தக் கட்டத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தில் கண்ணையா, "அதை இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தாள். கருப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

மறுபடி தூறல் தொடங்கி வலுத்தது. கண்ணையா மேல்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொத்துவேலைக் கரண்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், நின்று திரும்பினார்.

"ஏனுங்கம்மா, இதைக் காமிச்சா சீனிவாசலு வாயைத் தொறக்கமாட்டாரல்லங்க?"

விமலாராணி எழுந்து அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"தொறக்கட்டுமுங்க" என்றாள். "தொறந்து, துப்பித் தேச்சுப் பாக்கட்டும்."